புளியறை, மூன்றாம் பக்கம்

முதல் பக்கத்தில் வண்டி எண்.
இரண்டாம் பக்கத்தில் சரக்கு.
மூன்றாம் பக்கத்தில்
'சரிபார்த்து அனுப்பவும்' என்றொரு பொத்தான்.
அதற்கு மேலே
சரிபார்க்க எதுவுமில்லை. வெறும் கட்டங்கள்.

இதற்காகத்தான் தென்காசியிலிருந்து
ஆவணிச் சாரலில் ஸ்கூட்டியில் வந்தேன்,
மடிக்கணினியை உரச்சாக்கில் சுற்றிக்கொண்டு.
வாசலில் காவலர் பெயர் கேட்டு, வண்டி எண் கேட்டு
நோட்டில் எழுதி உள்ளே விட்டார்.

உள்ளே செய்யது மசூது.
புனலூர் போகும் வைக்கோல் லாரி.
"மூணு தடவ சொல்லிட்டேம்மா நம்பர.
இந்தப் பொட்டிக்குக் காது கேக்காதா?"

கேட்கும்.
கேட்ட கையோடு மறந்துவிடும்.
சர்வருக்கு நேற்று கிடையாது,
போன நிமிடமும் கிடையாது.
நீங்கள் அடுத்த பக்கத்தைத் தட்டுவது அதற்கு
முன்பின் தெரியாத ஒருவர்
கதவைத் தட்டுவது.
இங்கே சொன்னதை அங்கே
யாராவது தூக்கிக்கொண்டு போகவேண்டும், அண்ணாச்சி.

முகவரியின் வாலில் கட்டி அனுப்பலாம்,
கேள்விக்குறிக்குப் பின்னால்.
லாரியின் பின்பலகையில் எழுதியதுபோல
வருகிறவன் போகிறவன் எல்லாம் வாசிப்பான்,
விரலால் அழித்து வேறொன்று எழுதுவான்.
படிவத்துக்குள்ளேயே ஒளித்து வைக்கலாம்,
வைக்கோலுக்குள் கேன் வைப்பதுபோல.
கம்பியால் குத்திப் பார்க்கிறவர்களுக்கு
இந்தச் சாவடியில் பஞ்சமா?

அவர் சிரிக்கவில்லை.
வெளியே வரிசை கோட்டைவாசல் பக்கம் நீண்டிருந்தது.
யாரோ ஒருவர் ஹாரனிலேயே கையை வைத்திருந்தார்.

நான் அவசரப்பட்டேன்.
பொதுவில் ஒரே ஒரு மாறி.
எல்லாப் பக்கமும் அதில் எழுதும்,
எல்லாப் பக்கமும் அதிலிருந்து எடுக்கும்.
நான்கு வரி.
மூன்றாம் பக்கத்தில் மசூதின் பெயர் வந்தது.
அவரை அனுப்பச் சொல்லிவிட்டு
டீக்குக் கை நீட்டினேன்.

அதே நொடியில் அடுத்த மேசையில் தங்கச்சன்.
நீண்டகரை மீன், ஐஸ் உருகிச் சொட்டுகிறது,
கோழிக்கோட்டுக்காரன் மாதிரி வேகமாகத் தட்டச்சும் கை.
இரண்டு மேசைக்கும் ஒரே சர்வர்.
ஒரே மாறி.

அரை மணி கழித்து போன்.
ஆரியங்காவில் ஒரு சார்
தாளைப் பார்த்தாராம். லாரியைப் பார்த்தாராம்.
தார்ப்பாயைத் தூக்கி மோந்தும் பார்த்தாராம்.
"மீன் எவிடே?"

"ஏம்மா," என்றார் மசூது,
"எ வைக்கோல அயிலையாக்கிட்டியே."
பின்னால் மழைச் சத்தம்.
திட்டியிருந்தால் தேவலை.

அந்த வளைவுகளில் லாரி திரும்பாது.
அவர் அங்கேயே நின்றார், நான் இங்கே உட்கார்ந்தேன்.
ஆளுக்கொரு பெட்டி சர்வரில்,
ஆளுக்கொரு சாவி அவரவர் கையில்.
முதலிலேயே செய்திருக்க வேண்டியது.
பெட்டியை இருபது நிமிடம் யாரும் தொடாவிட்டால்
சர்வர் கவிழ்த்துக் கழுவி வைத்துவிடும்.
இங்கே இருபது நிமிடம் என்பது
எஸ் வளைவில் ஒரு டிரெய்லர் மூச்சு வாங்கும் நேரம்.
எனவே ஒவ்வொரு பக்கம் முடிந்ததும்
அட்டவணையில் இறக்கி வைத்தேன்.
பாதியில் போனவர் பாதியிலிருந்தே வரலாம்.
அதோடு ஒரு கேள்வியும் சேர்த்தேன்:
இது உங்கள் வண்டிதானா?

இரண்டே கால் மணிக்கு மறு தாள் போனது.
மசூது ஒரு கட்டைவிரல் அனுப்பினார்.
நன்றியா, ரசீதா, தெரியவில்லை.

கிளம்பும்போது வாசலில் வேறு காவலர்.
பெயர் என்றார். வண்டி எண் என்றார்.
வரும்போதே சொன்னேனே என்றேன்.
"அது பகல் நோட்டு."

மறுபடியும் சொன்னேன்.
என் போன் எந்த மாநிலம் என்று தெரியாமல்
கேரளத்துக்கு வரவேற்றுக்கொண்டிருந்தது.
"சரக்கு?"
மடிக்கணினி ஒன்று.
அவர் எழுதவில்லை.
பேனாவை உதறிப் பார்த்தார்.
கட்டம் காலியாகவே இருந்தது.